பில்சென் முதல் தாலின் வரை: அரை லிட்டர் கணக்கு

முதல் நாள், பில்சென் (2024)

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே, முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட் வேகும் வாசனை. இந்த ஊரின் பெரிய பீர் ஆலை ரயிலடியிலிருந்து நடக்கிற தூரம்தான். மாமா ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, "ரொட்டி சுடுற மாதிரி இருக்கே மாப்ளே" என்றார்.

மாமா மதுவைத் தொட்டதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். செக் நாட்டில் தொடங்கி எஸ்தோனியா வரை ரயிலிலும் கப்பலிலுமாகப் போகப் போகிறேன், ஊருக்கு ஒரு பீர் எனக்குப் பிடித்ததாகத் தேர்ந்தெடுக்கப் போகிறேன், விலையையும் எழுதிவைக்கப் போகிறேன் என்று சொன்னபோது, "குடிக்கிறது உன் பாடு, கணக்கு என் பாடு" என்று கிளம்பிவிட்டார். நீள அட்டை நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்: ஊர், பீர், கிளாஸின் அளவு, கொடுத்த காசு, அரை லிட்டருக்கு எவ்வளவு. அந்தக் கடைசிக் கட்டம் அவர் யோசனை. ஓர் ஊரில் 200 மில்லி ஊற்றுவார்கள், இன்னோர் ஊரில் 400, வேறோர் ஊரில் ஒரு லிட்டர். கிளாஸை வைத்து ஒப்பிட்டால் கணக்கு பொய் சொல்லும் என்றார்.

பில்செனில் ஆரம்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. 1838-ல் இந்த ஊர்க்காரர்கள் 36 பீப்பாய் பீரை நகரமன்றக் கட்டடத்துக்கு முன்னால் கொட்டினார்கள். அவ்வளவு கெட்டுப்போயிருந்தது. அதன்பிறகு பீர் காய்ச்சும் உரிமை பெற்றிருந்த குடிமக்கள் ஒன்று சேர்ந்து ஆலை கட்டினார்கள். இன்று ஜெர்மனியில் இருக்கிற பவேரியாவிலிருந்து ஜோசப் க்ரோல் என்ற பீர் காய்ச்சுபவரை அழைத்துவந்தார்கள். 1842 அக்டோபர் 5-ல் அவர் முதல் கொப்பரையைக் காய்ச்சினார். கருக்காமல் உலர்த்திய வெளிர் மால்ட், பக்கத்து ஜாடெட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ), உப்பே இல்லாதது போல மென்மையான இந்த ஊர்த் தண்ணீர். மூன்றும் சேர்ந்து பொன் நிறத்தில் ஒரு பீர் வந்தது. இன்று உலகமெங்கும் குடிக்கிற மஞ்சள் லாகர்களில் (குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் பீர்) பெரும்பாலானவற்றுக்கு அதுதான் மூதாதை.

ஆலைக்குக் கீழே ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு நிலவறைகள். சுவரில் நீர் கசிகிறது, மூச்சு புகையாக வருகிறது. ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரை நேராகக் கிளாஸில் பிடித்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் கலங்கல். முதல் மடக்கில் ரொட்டியின் மேலோட்டுச் சுவை, அதன் பின்னாலேயே கசப்பு, அந்தக் கசப்பும் நாக்கில் உட்காராமல் நகர்ந்துவிடுகிறது. பாட்டிலில் இதே பீரைப் பலமுறை குடித்திருக்கிறேன். அது இதன் புகைப்படம் மட்டுமே.

சாயந்திரம் சதுக்கத்துக்குப் பின்னாலிருந்த சின்ன பப். குழாய் பிடிப்பவர் கிளாஸைத் தண்ணீரில் முக்கி எடுத்து, முதலில் நுரையை இறக்கி, அந்த நுரைக்கு அடியில் பீரை நிரப்பினார். மூன்று விரல் உயரத்துக்கு ஈரமான நுரை. இங்கே நுரை என்பது வீண் இல்லை, பீருக்கு மூடி. கடைசி மடக்கு வரை உள்ளே காற்றை விடாது. கிளாஸில் 0.5 என்று ஒரு கோடு இருந்தது. மாமா குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, ஆய்வகத்தில் பியூரெட் என்ற அளவுக்குழாயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். சரியாக இருந்தது.

63 கொருனா, யூரோவில் சொன்னால் இரண்டரை. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், இதுவே அதிகம் என்றார். கொரோனா காலத்தில் குழாய் பீருக்கு மதிப்புக் கூட்டு வரியை 10 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள்; 2024 ஜனவரியில் அது மறுபடி 21 ஆகிவிட்டது. தலைக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 130 லிட்டர் பீர் குடிக்கிற நாடு இது, உலகத்திலேயே முதலிடம். இரண்டு கொருனா ஏறினாலும் வீட்டு வரவு செலவில் தெரியும். ஆனால் அதே நாட்டில் ஒரு மடக்கு குடித்துவிட்டுக்கூட வண்டியில் உட்கார முடியாது, ஓட்டுநர் ரத்தத்தில் அனுமதி பூஜ்யம். மாமாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. நோட்டின் ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டார்.

மூன்றாம் நாள், பாம்பெர்க்

ஜெர்மனிக்குள் வந்துவிட்டோம். இந்தப் பயணம் முழுக்க ஒரே ஒரு கிளாஸைத்தான் மறுபடி குடிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் பாம்பெர்க்குக்குத்தான் திரும்பி வருவேன்.

இங்கே செய்வது புகை பீர். பார்லியை முளைவிட வைத்து உலர்த்தினால்தான் மால்ட். அந்தக் காலத்தில் உலர்த்துவதென்றால் பெரும்பாலும் விறகுத் தீதான், ஆகவே பல ஊர் பீரிலும் கொஞ்சம் புகை இருந்திருக்கும். பிறகு புகை படாமல் சூடான காற்றால் உலர்த்தும் அடுப்புகள் வந்தன. உலகம் புகையை மறந்தது. பாம்பெர்க்கில் ஷ்லென்கெர்லா, ஷ்பெட்ஸியால் என்ற இரண்டு ஆலைகள் மட்டும் பீச் மர விறகை விடவில்லை.

ஷ்லென்கெர்லாவின் பழைய கூடத்துக்குப் போனோம். உத்தரமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. மரப் பீப்பாயிலிருந்து எந்த வாயு அழுத்தமும் இல்லாமல், தன் எடையாலேயே பீர் இறங்குகிறது. கறுஞ்சிவப்பு. முதல் மடக்கு எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைக்கும்போது முகத்தில் அடிக்குமே, அந்தப் புகை. பாதிக் கிளாஸ் தாண்டியபோது புகை பின்னால் போய் மால்ட்டின் இனிப்பு முன்னுக்கு வந்தது. இரண்டாவது கிளாஸில் புகையைத் தேட வேண்டியிருந்தது. மூக்கு பழகிவிட்டது, நாக்கு இப்போதுதான் விழித்திருக்கிறது. முதல் கிளாஸோடு நிறுத்திக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பீரைக் குடிக்கவே இல்லை.

மாமா கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இது க்வாயகால், மாப்ளே. மரத்துல இருக்கிற லிக்னின் எரிஞ்சு உடையும்போது வர்றது." சொல்லும்போதே அவர் குரல் வகுப்பறைக் குரலாக மாறிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அடுத்த மடக்கு இன்னும் நன்றாக இருந்தது.

அரை லிட்டர் 4 யூரோவுக்குச் சில சென்ட் கூட. ஜெர்மனியின் பீர் வரி எவ்வளவு என்று அங்கேயே கணக்குப் போட்டார். நொதிக்கவைக்கும் முன் மால்ட்டிலிருந்து வடித்தெடுக்கும் நீரின் (மூல வடிநீர்) அடர்த்தியைப் பாகையில் அளக்கிறார்கள். பாகை ஒன்றுக்கு, நூறு லிட்டருக்கு 78.7 சென்ட். சாதாரண பீர் 12 பாகை என்று வைத்துக்கொண்டால் அரை லிட்டருக்கு ஐந்து சென்ட்கூட வராது. சின்ன ஆலைகளுக்கு அதிலும் தள்ளுபடி. காலி பீர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கடையில் 8 சென்ட் தருகிறார்கள். அரசுக்குப் போகிற பீர் வரியைவிட பாட்டிலின் முன்பணம் அதிகம்! இதை எழுதிவிட்டு மாமா பேனாவைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

நான்காம் நாள், மியூனிக்

அக்டோபர் விழா நடக்கிறது. கூட்டம், பாட்டு, பட்டாளம் மாதிரி கிளாஸ் தூக்கிப் போகிற பெண்கள். 2024-ல் ஒரு லிட்டர் விலை கூடாரத்துக்குக் கூடாரம் 13 யூரோ 60 சென்ட்டிலிருந்து 15 யூரோ 30 வரை. கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். அந்தச் சத்தத்தில் பீரைச் சுவைக்க என்னால் முடியாது.

அதற்குப் பதிலாக நகருக்குள் பெரிய கஷ்கொட்டை மரங்கள் நிற்கிற பீர் தோட்டம் ஒன்றில் உட்கார்ந்தோம். அகுஸ்டினர் ஆலையின் பொன்னிற லாகர், மரப் பீப்பாயிலிருந்து. லிட்டர் 10 யூரோவுக்குள். இந்த மரங்களை நிழலுக்காக நட்டார்கள், ஆனால் மனிதர்களுக்கான நிழல் இல்லை. கீழே நிலவறையில் பீர் சூடாகக் கூடாதென்று, வேர் ஆழமாகப் போகாத, இலை அகலமான மரமாகப் பார்த்து நட்டார்கள். மனிதர்கள் பிறகு வந்து உட்கார்ந்தார்கள். சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்து சாப்பிடலாம், பீரை மட்டும் இங்கே வாங்க வேண்டும். பக்கத்து மேசைக் குடும்பம் மேசைவிரிப்பு முதல் முள்ளங்கி வரை கூடையில் எடுத்துவந்து பரப்பியது.

பீர் தூய்மைச் சட்டம் என்று எல்லோரும் பேசுகிற 1516-ஆம் ஆண்டு பவேரியச் சட்டத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்ற வரியைத்தான் எல்லா ஆலைகளும் சுவரில் எழுதிவைத்திருக்கின்றன. ஆனால் அந்தச் சட்டம் தொடங்குவதே விலையில். செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் 23 வரை ஒரு மாஸ் (ஏறத்தாழ ஒரு லிட்டர்) பீர் ஒரு பென்னிக்கு மேல் விற்கக் கூடாது, மற்ற மாதங்களில் இரண்டு பென்னிக்கு மேல் கூடாது. முதலில் விலை, பிறகுதான் தூய்மை. ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே மாமா மாதிரி ஒருவர் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பீர் விலை ஏறினால் வருகிற கோபம் இங்கே வெகுகாலம் இருந்தது. 1844 மே மாதம் பீர் விலை ஏறியபோது மியூனிக் மக்கள் ஆலைகளை அடித்து நொறுக்கினார்கள். அரசர் முதலாம் லுட்விக் விலையை இறக்க வேண்டியதாயிற்று. 1810-ல் அவருடைய கல்யாணத்துக்கு நடத்திய கொண்டாட்டம்தான் இன்று நாங்கள் எட்டிப் பார்த்துவிட்டு வந்த இந்த விழா.

ஆறாம் நாள், கொலோன்

இங்கே கோல்ஷ் என்ற உள்ளூர் பீர் மட்டும்தான். ஒல்லியான நேர்க் கிளாஸ், 200 மில்லி. காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்து நிற்கும், அட்டையில் பென்சிலால் ஒரு கோடு விழும். போதுமென்றால் அட்டையைக் கிளாஸின் மேல் வைத்து மூட வேண்டும். கிளாஸ் 2 யூரோ 30 சென்ட். மலிவு மாதிரி தெரிகிறது. மாமாவின் கட்டத்தில் அது 5 யூரோ 75 ஆகி, மியூனிக்கின் பீர் தோட்டத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் எப்போதும் சில்லென்று, எப்போதும் புதிதாக இருக்கிறது. சின்னக் கிளாஸின் நியாயம் அதுதான். பீர் லேசான பழவாசனையோடு இதமாக இருந்தது, மனதில் தங்கவில்லை.

எட்டாம் நாள், பிரஸ்ஸல்ஸ்

காலையில் ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கிற கான்டியோன் ஆலைக்குப் போனோம். 1900-ல் தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய பண்டகசாலை. மரப்படியேறி மேலே போனால் கூரைக்கு நேர் கீழே, அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு செம்புத் தொட்டி. ஆழம் முழங்கால் அளவுகூட இல்லை. காய்ச்சிய வடிநீரைச் சாயந்திரம் இதில் பரப்பிவிட்டு, ஜன்னல் சட்டங்களைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள். ஈஸ்ட் எதையும் போடுவதில்லை. இரவுக் காற்றில் வருகிற நுண்ணுயிர்கள்தான் ஈஸ்ட். குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில் மட்டுமே காய்ச்சுவது அதனால்தான், வெயில் காலக் காற்றில் வேண்டாத கிருமிகள் அதிகம்.

மறுநாள் காலை அது மரப் பீப்பாய்க்குப் போகிறது. வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. பீப்பாய்களுக்கு நடுவே ஒட்டடை தொங்குகிறது, யாரும் துடைப்பதில்லை. பழ ஈக்களைப் பிடிக்கிற சிலந்திகள் இந்த ஆலைக்கு வேலைக்காரர்கள். இப்படிக் காற்றின் ஈஸ்டால் நொதித்த பீர்தான் லாம்பிக். ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். இளையதில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரை தருகிறது.

குடித்தேன். புளிப்பு! எலுமிச்சையின் புளிப்பு இல்லை, பச்சை ஆப்பிளையும் ஈரமான மரத்தையும் ஒன்றாகக் கடித்த மாதிரி. கடைசியில் குதிரைச் சேணத்தின் தோல் வாசனை. இதைப் பீர் என்று ஒப்புக்கொள்ள என் நாக்குக்குப் பத்து நிமிடம் பிடித்தது. பிறகு கிளாஸைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மாமா தொட்டியின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "கட்டுப்படுத்தாம விட்டுட்டு, என்ன வருதோ அதை மூணு வருஷம் காத்திருந்து பார்க்கிறான். எனக்கு ஆய்வகத்துல இந்தத் தைரியம் வந்ததே இல்லை."

மூன்று வருஷம் ஒரு பீப்பாய் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கிறது. அதற்கு வாடகை, வட்டி, ஆவியாகிப் போகிற பங்கு எல்லாவற்றையும் யோசித்தால், இங்கே ஆலையிலேயே வாங்குகிற விலை எனக்குக் குறைவாகத்தான் பட்டது. அந்த விலை எதற்கு என்பதை முகர்ந்தே தெரிந்துகொள்ள முடிகிறது.

ராத்திரி ஒரு பழைய கஃபேயில் ஓர்வால். டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் காய்ச்சுவது. 33 சென்டிலிட்டர் பாட்டில், 5 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே. இதற்கும் பாட்டிலில் அடைக்கும்போது கான்டியோனில் பார்த்த காட்டு ஈஸ்டின் உறவுக்காரன் ஒன்றைச் சேர்க்கிறார்கள், அது மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். புதிதாகக் குடித்தால் ஹாப்ஸ் கசப்பு முன்னால் நிற்கும், ஒரு வருஷம் கழித்துக் குடித்தால் வேறு பீர். லேபிளில் அடைத்த தேதியே அச்சிட்டிருக்கிறது. கடையில் இரண்டரை யூரோவுக்கு ஒரு பாட்டில் தனியாக வாங்கி, என் கம்பளிச் சட்டைக்குள் சுருட்டிப் பெட்டியின் நடுவில் வைத்தேன். அடுத்த அக்டோபரில் திறப்பதற்கு.

பத்தாம் நாள், கோபன்ஹேகன்

இன்று பீருக்கான நாள் இல்லை, மாமாவுக்கான நாள். அரை லிட்டர் 65 டேனிஷ் குரோனெ, 8 யூரோ 70 சென்ட், நோட்டில் எழுதியாயிற்று. எல்லையைத் தாண்டியதும் ஜெர்மன் விலை இரண்டு மடங்காகிவிட்டது.

கார்ல்ஸ்பெர்க் பழைய ஆலை வளாகத்தில் நான்கு கருங்கல் யானைகள் தாங்கி நிற்கும் வாசல் ஒன்று இருக்கிறது. எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா யானைகளுக்கு அடியில் வேகமாக நடந்து போய் ஆய்வகம் எங்கே என்று கேட்டார். 1875-ல் ஜேக்கப்சன் தன் பீர் ஆலைக்காக நிறுவிய ஆய்வகம். இது ஒரு பெருங்கதை. 1883-ல் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் இங்கே ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார். அதுவரை ஆலைகளின் ஈஸ்டில் வேண்டாத காட்டு ஈஸ்டும் கலந்திருந்து, சில சமயம் பீரைக் கெடுத்துவந்தது. பில்சென்காரர்கள் தெருவில் கொட்டியது போன்ற பீப்பாய்களுக்கு ஒரு விடை இங்கே கிடைத்தது. அந்த ஈஸ்டைக் காப்புரிமைக்குள் பூட்டாமல், கேட்ட ஆலைகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். அதே 1883-ல் ஜோஹான் கெல்டால் தானியத்தில் எவ்வளவு புரதம் என்று அறிய நைட்ரஜன் அளக்கும் முறையைக் கண்டார். 1909-ல் சோரன்சென் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலைக் கொடுத்தார்.

"முப்பது வருஷம் பி.எச். நடத்தினேன் மாப்ளே. ஒரு பீர் கம்பெனிக்குள்ள பொறந்ததுன்னு ஒரு பையன்கிட்டயும் சொன்னதில்லை." அவர் கண் கலங்கியிருந்தது. கட்டடத்தின் சுவரை உள்ளங்கையால் தொட்டுவிட்டு வந்தார்.

பன்னிரண்டாம் நாள், ஸ்டாக்ஹோம்

சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு அரசு மதுக்கடையான சிஸ்டம்போலாகெட்டில் நல்ல கூட்டம். மூன்றுக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு திறப்பதில்லை. மளிகைக் கடையில் 3.5 சதவீத பீர் வரைதான் கிடைக்கும். அதற்கு மேல் கடையில் வாங்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். எந்தப் பாட்டிலும் குளிரவைத்திருக்காது. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பேச்சே கிடையாது. வாங்கின உடனே குடிக்கத் தூண்டக் கூடாது, நிறைய வாங்கத் தூண்டக் கூடாது. வியாபாரம் செய்யாமல் இருப்பதற்காக நடத்துகிற கடை.

அலமாரியில் நம் பில்சென் பீர் நின்றது. அரை லிட்டர் இருபது குரோனாவைச் சற்றுத் தாண்டி, கிட்டத்தட்ட இரண்டு யூரோ. பில்செனின் பப் விலையைவிடக் குறைவு! மாமா இரண்டு முறை பார்த்து எழுதினார். அதே சாயந்திரம் பாரில் 40 சென்டிலிட்டர் லாகர் 85 குரோனா. அரை லிட்டருக்கு மாற்றினால் 9 யூரோ 30. இடைவெளி எங்கே போகிறது என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது.

இந்த நாட்டில் 1917 முதல் 1955 வரை மதுவுக்குப் பங்கீட்டுப் புத்தகம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு இவ்வளவு என்று எழுதி முத்திரை குத்துவார்கள். வருமானம், குடும்பம், பெயர் எல்லாம் பார்த்து அளவு. கல்யாணமான பெண்களுக்குப் புத்தகமே கிடையாது. 1922-ல் முழு மதுவிலக்கு வேண்டுமா என்று வாக்கெடுத்தபோது 51 சதவீதம் பேர் வேண்டாமென்றார்கள், 49 சதவீதம் பேர் வேண்டுமென்றார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது மாமா ஒன்று சொன்னார். அவருடைய மூத்த அண்ணன் குடியில்தான் போனார். எனக்கு அது அரசல்புரசலாகத் தெரியும், அவர் வாயால் கேட்டதில்லை. "அந்த மூணு மணிக்குக் கதவைச் சாத்துறான் பாரு, அது சிலருக்கு எரிச்சலா இருக்கும். ஒரு வீட்டுல சனிக்கிழமை ராத்திரி அமைதியாத் தூங்கியிருப்பாங்க." நான் அன்று மேற்கொண்டு எதுவும் குடிக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள், கப்பலில்

ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கு ராத்திரிக் கப்பல். நடு இரவில், பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்து தீவுக்கூட்டத்தின் துறையில் கொஞ்ச நேரம் நின்றது. இறங்கினவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் கப்பலின் கடையே இல்லை: ஓலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே தொட்டுவிட்டுப் போகிற கப்பலில் வரியில்லாமல் மது விற்கலாம். அலைமேல் ஒரு வரிக்கோடு. மக்கள் தள்ளுவண்டியோடு வரிசையில் நின்றார்கள்.

பதினான்காம் நாள், ஹெல்சிங்கி

பின்லாந்தில் 1919-ல் தொடங்கிய மதுவிலக்கு 1932-ல் முடிந்தது. கடை திறந்த நாளும் நேரமும் 5.4.32, காலை 10 மணி. எண்களைச் சேர்த்துப் படித்தால் 543210.

பாரில் அரை லிட்டர் லாகர் சரியாக 9 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே பீருக்கு மிக அதிகக் கலால் வரி இங்கேதான் என்பதால், விலைக்கு வரிதான் காரணம் என்று நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். மாமா கேட்டுக்கொண்டு மட்டும் வந்தார். இன்று நோட்டைத் திறந்தார்.

"9 யூரோவுல மதிப்புக் கூட்டு வரி 25.5 சதவீதம். போன மாசம்தான் 24-லேர்ந்து ஏத்தியிருக்கான். அது 1.83. கலால் வரி அரை லிட்டருக்குத் தொண்ணூறு சென்ட் வச்சுக்கோ. ரெண்டும் போனா மிச்சம் 6.27. இப்ப பில்செனுக்கு வா. 63 கொருனாவுல மதிப்புக் கூட்டு வரி 11, கலால் வரி 2. மிச்சம் 50 கொருனா, அதாவது ரெண்டு யூரோ. வரியை முழுசா உரிச்சுப் போட்ட பிறகும் இங்க மூணு மடங்கு, மாப்ளே. வரி கதையில பாதிகூட இல்லை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பெண், அவளுடைய சம்பளம், இந்தத் தெருவின் வாடகை, இந்த அறைக்குச் சூடேற்றும் செலவு. நான் குடித்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் அதைத்தான். கடையில் வாங்கிப்போகிற கேனுக்கு வேண்டுமானால் வரி பெரிய பங்கு. பாரில் அது ஓரத்தில்தான் நிற்கிறது. பயணம் தொடங்கியதிலிருந்து நான் நம்பிக்கொண்டிருந்தது தவறு. மாமாவின் கடைசிக் கட்டம் இல்லாவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது.

இரவு வேறோர் இடத்தில் சாஹ்தி கிடைத்தது, சின்னக் கிளாஸில். பண்ணை வீடுகளில் காய்ச்சுவது. மால்ட் கூழை ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தின் கிளைகள் பரப்பிய மரத் தொட்டியில் வடிக்கிறார்கள், ரொட்டி ஈஸ்டால் நொதிக்க வைக்கிறார்கள், வடிநீரைப் பெரும்பாலும் கொதிக்க வைப்பதில்லை. அதனால் சீக்கிரம் கெடும். தொலைதூரம் போவது அரிது. வாழைப்பழ வாசனை, பின்னால் காட்டு மணம், நுரையே இல்லை, கெட்டியாக நாக்கில் ஊர்கிறது. பாம்பெர்க்குக்கு அடுத்தபடியாக மனதில் நிற்கப்போவது இதுதான்.

பதினாறாம் நாள், தாலின்

ஹெல்சிங்கியிலிருந்து இரண்டு மணி நேரக் கப்பல். எதிர்த் திசையில் திரும்புகிறவர்கள் பீர் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, பெல்ட் போட்டுக் கட்டி இழுத்துப் போகிறார்கள். பின்லாந்துக்காரர்கள் இங்கே வந்து வாங்குவது பழைய வழக்கம். அந்த வரவை நம்பி, எஸ்தோனியா 2017 ஜூலையில் பீர் கலால் வரியை ஒரேயடியாக 70 சதவீதம் அளவுக்கு ஏற்றியது. உடனே எஸ்தோனியர்களே தெற்கே லாட்வியா எல்லைக்கு வண்டி கட்டினார்கள். எல்லை ஊர்களில் மதுக்கடைகள் முளைத்தன. 2019 ஜூலையில் வரியை 25 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது. மியூனிக்கில் கல்லெறிந்தவர்கள் செய்ததை இங்கே பெட்ரோல் போட்டுச் செய்திருக்கிறார்கள்.

பழைய நகரத்தில் அரை லிட்டர் 6 யூரோ 50. ஹெல்சிங்கிக்கும் ஜெர்மனிக்கும் நடுவில். நான் லாகரை விட்டுவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய போஹ்யாலா ஆலையின் பால்டிக் போர்ட்டர் கேட்டேன். இங்கிலாந்திலிருந்து இந்தக் கடல் வழியாகப் போன கறுப்பு பீரை, கரையோர நாடுகள் பிறகு தாங்களே காய்ச்சக் கற்றுக்கொண்ட வகை. பெயர் 'ஓ', எஸ்தோனிய மொழியில் இரவு என்று பொருள். 10.5 சதவீதம். கரிய பழக்கூழ், காப்பிக்கொட்டை, சாக்லேட்டின் கசப்பு. வெளியே நான்கு மணிக்கே மேகம் இறங்கி இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு கிளாஸை ஒன்றரை மணி நேரம் வைத்துக் குடித்தேன்.

அறைக்கு வந்து பெட்டி கட்டினோம். மாமா நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். ஊர் என்ற கட்டத்தில் பிரஸ்ஸல்ஸ். பீர்: ஓர்வால். அளவு 330 மில்லி, காசு 2.50, அரை லிட்டருக்கு 3.80. பக்கத்தில் லேபிளைப் பார்த்து எழுதின தேதி. எனக்குப் பிடித்ததா என்று எழுதுகிற இடத்தை மட்டும் காலியாக விட்டு, கம்பளிச் சட்டையின் சுருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடுத்த அக்டோபர்ல என்னைக் கூப்பிடு, நான் வந்து பேனா பிடிக்கிறேன்" என்றார்.